அடுக்கு மாறினால் எந்தப் பதிவு அழியும்? ஒரு வாய்மொழித் தேர்வு அனுபவம்

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயக் குடும்பம் எங்களுடையது என்பதால், எம்.சி.ஏ. இறுதி ஆண்டு புராஜெக்ட்டுக்குப் பச்சைத் தேயிலைக் கொள்முதல் பதிவேட்டையே எடுத்துக்கொண்டேன். நாள், உறுப்பினர் எண், பெயர், எடை ஆகியவற்றுடன், ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்திலும் ‘திருத்து’, ‘நீக்கு’ என்னும் இரண்டு பொத்தான்களைக் கொண்ட அட்டவணை அது. வலைப்பக்க அட்டவணைகளுக்கு அடுக்குதல், பக்கம் பிரித்தல் போன்ற வசதிகளைத் தரும் ஆயத்த நிரல் தொகுப்பான டேட்டாடேபிள்ஸ் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் நிரலைத் திறக்கவே இல்லை. எடை என்னும் தலைப்பைச் சொடுக்கி எடைப்படி அடுக்கிவிட்டு, மேலே வந்த மூன்றாவது பதிவை நீக்கச் சொன்னார். நீக்கினேன், அழிந்தது வேறொருவருடைய பதிவு. இரண்டாம் பக்கத்துக்குப் போகச் சொன்னார்; அங்கே எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. அந்த நூலகம் இயல்பாகவே ஒரு பக்கத்துக்கு 10 பதிவுகளைக் காட்டும். நானோ அதுவரை எட்டுப் பதிவுகளை வைத்தே சோதித்திருந்தேன்.

முதல் தவறு, திரையில் வரிசை இருக்கும் இடத்தை வைத்துப் பதிவை அடையாளம் கண்டது. அடுக்கியவுடன் திரையில் இடம் மாறுகிறது, மூலத் தரவில் மாறுவதில்லை. ஆகவே கட்டத்தை உருவாக்கும்போதே தரவுத்தளத்தில் உள்ள பதிவு எண்ணைப் பொத்தானின் டேட்டா பண்பாக (உறுப்போடு சேர்த்து வைக்கும் மறைகுறிப்பாக) எழுதிவிட வேண்டும். இரண்டாவது தவறு, பக்கம் ஏறியதும் கண்ணில் பட்ட பொத்தான்களில் மட்டும் தனித்தனியாகச் சொடுக்கு நிகழ்வைக் கட்டியது. மறு பக்கத்து வரிசைகள் அப்போது ஆவணத்திலேயே இல்லை. எல்லா வரிசைகளையும் உள்ளடக்கிய டிபாடி உறுப்பில், சொடுக்கைக் கவனிக்கும் ஒரே ஒரு கேட்பானை வைத்து, சொடுக்கிய இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடும் ‘க்ளோசஸ்ட்’ முறையால் பொத்தானைக் கண்டுபிடித்தால், பின்னால் சேரும் வரிசைகளும் தாமாகவே அதற்குள் அடங்கிவிடும். வரிசையைச் சொடுக்கினால் விவரம் விரியும்படி வைத்திருப்பவர்கள், சொடுக்கு பொத்தானில் விழுந்ததா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நீக்கப்போகும் பதிவின் விவரமும் கூடவே திறக்கும்.

எடைக் கட்டத்திலும் ஒரு கோளாறு இருந்தது. ‘கிலோ’ என்ற சொல்லை எண்ணோடு ஒட்டிவிட்டதால் அது எழுத்தாகவே அடுக்கப்பட்டு, இறங்கு வரிசையில் 9 கிலோ 100 கிலோவுக்கு மேலே நின்றது. கட்டத்தின் மதிப்பை உருவாக்கித் தரும் ரெண்டர் செயற்கூறு, காட்சிக்கா, அடுக்குவதற்கா என எதற்காக அழைக்கப்படுகிறது என்பதை அதன் இரண்டாவது அளவுரு சொல்லும். காட்சிக்கு என்றால் மட்டும் ‘கிலோ’வைச் சேர்த்து, மற்றவற்றுக்கு வெறும் எண்ணைத் திருப்பித் தந்தால் போதும்.

வெறும் பெட்டியான டிவ் உறுப்பைப் பொத்தான்போல் அலங்கரிக்காதீர்கள். உண்மையான பட்டன் உறுப்புக்குத்தான் டேப், என்டர், ஸ்பேஸ் விசைகள் இயல்பாக இயங்கும். ஃபார்முக்குள் வைத்தால் அதன் வகையையும் ‘பட்டன்’ என்றே எழுதுங்கள், இல்லையேல் அது ஃபார்மை அனுப்பிவிடும். நீக்கும் உரிமை பயனருக்கு உண்டா என்பதைச் சர்வரும் சோதிக்க வேண்டும். பொத்தானை மறைப்பது பாதுகாப்பாகாது.

தேர்வாளர் கடைசியாகக் கேட்டது, நீக்கும் முன் தோன்றும் உறுதிப்படுத்தும் செய்தியைப் பற்றி. ‘போஜனின் பதிவை நீக்கவா?’ என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) போஜன் என்ற பெயருடையவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாததல்ல. இப்போது அந்தச் செய்தியிலும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வாசிக்கும் பெயரான ஏரியா-லேபிளிலும் உறுப்பினர் எண், நாள், எடை மூன்றும் வருகின்றன.