இம்ப்ளான்ட் நாட்குறிப்பு: அந்த நாலாவது வாரம்

ஜூன் 7, சனி

திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்குக் கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது பல்வேருக்குப் பதிலாக எலும்புக்குள் திருகும் டைட்டானியத் திருகு, வைக்கிறேன். பல் போய் ரொம்ப நாளாகிவிட்டது, எலும்பின் அகலம் தாராளம், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் ஆனி கடைசியில் பேத்திக்குக் கல்யாணம், அதற்குள் பல் வந்தாக வேண்டும் என்கிறார். "பந்தியில ரெண்டு பக்கமும் மென்னு சாப்பிடணும் டாக்டரம்மா." கணக்குப் பார்த்தால் நாலு வாரம் சொச்சம்தான் வருகிறது.

மத்தியானம் வந்த இம்ப்ளான்ட் கம்பெனி ரெப்பும், தங்கள் இம்ப்ளான்டின் பரப்பு இருந்தால் நாலு வாரத்தில் அதன்மேல் கிரவுன் (செயற்கைப் பல்) மாட்டலாம் என்று ஒரு வழவழப்பான தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அந்தத் தாளில் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் எலும்பு அதை விடவில்லை. 1965இல் கோதன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் டைட்டானியம் இம்ப்ளான்ட்களை வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. அவை லேத்தில் கடைந்து அப்படியே வைத்தவை, கடைசல் கோடுகளைத் தவிர வேறு சொரசொரப்பு கிடையாது. அதனால் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்று ஈறுக்கடியில் மூடி வைத்துக் காத்திருந்தார்கள்.

காத்திருக்கும் காலத்தைக் குறைக்க முடியுமா என்று தேடியபோதுதான் பரப்பின் மேல் எல்லோருக்கும் கண் போனது. 1991இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பூசர் குழு, குட்டை இனப் பன்றிகளின் கால் எலும்பில் ஆறு விதப் பரப்புகளை வைத்துப் பார்த்தது. மினுமினுவென்று மெருகேற்றிய டைட்டானியத்தை எலும்பு தொட்டிருந்த அளவு 20 முதல் 25 சதவீதம். பெரிய மணல் துகளால் அடித்து, பிறகு ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் அரிக்க விட்டதில் 50 முதல் 60. எலும்பிலேயே இருக்கும் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட் பூசியதில் அதைவிடவும் கூட, ஆனால் அந்தப் பூச்சு கரையும் அடையாளங்கள் தெரிந்தன. மணல் அடித்து அமிலத்தில் அரித்த அந்தப் பரப்பின் வழியில்தான் இன்று கிளினிக்குகளுக்கு வரும் பல இம்ப்ளான்ட்கள் தயாராகின்றன.

ஜூன் 9, திங்கள்

முடிந்தது. 4.1 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் நீளம், திருகும் விசை (டார்க்) 35 நியூட்டன் சென்டிமீட்டரைத் தொட்டது, இம்ப்ளான்ட் எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்று காட்டும் ஐஎஸ்கியூ எண் அளவுமானியில் 72.

இன்று வைத்தது சலைன் (உப்புநீர்) நிரப்பிய குப்பியில் வரும் வகை. டைட்டானியம் காற்றுப்படக் கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் சேர்மங்கள் அதன்மேல் படிந்து, நாளாக நாளாகத் தண்ணீரை ஒட்டவிடாத பரப்பாகிவிடும். அதைத் தடுக்கத்தான் காற்றுப்படாமல் நைட்ரஜன் வாயுச் சூழலில் கழுவி நேராகச் சலைனில் போட்டுவிடுகிறார்கள். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நுனியை எலும்புக்குழியின் ரத்தத்தில் தொட்டேன், இன்னும் ஒரு சுற்றுகூடத் திருகவில்லை, ரத்தம் மரைகளின் பள்ளம் வழியே மேலே ஏறிக் கழுத்துவரை சிவந்துவிட்டது. உலர்ந்த பெட்டியில் வரும் வகையில் ரத்தம் அங்கங்கே துளியாக நின்று கொள்ளும்.

அப்புறம் டிரில் சூடு. எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே காயம்படும் என்று எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1983இலேயே முயலில் காட்டிவிட்டார்கள். மழுங்கிய டிரில்லைப் போட்டு அழுத்தி, சலைன் சரியாக விழாமல் துளைத்துவிட்டு, எவ்வளவு விலையுயர்ந்த பரப்பை உள்ளே வைத்தாலும் அது செத்த எலும்பைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். எந்த பிராண்ட் என்று கேட்கும் நோயாளிகள் எல்லோரும் டிரில்லைப் பற்றியும் கேட்டால் எனக்குச் சந்தோஷம்.

ஜூன் 16, திங்கள்

தையல் பிரித்தேன். வீக்கம் இல்லை.

"உள்ள என்னம்மா நடக்குது?" என்று கேட்டார். சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இம்ப்ளான்டைச் சுற்றி முதலில் ரத்தம் உறைகிறது, அதில் ஃபைப்ரின் இழைகள் வலையாகப் படிகின்றன. எலும்பை உண்டாக்கும் செல்கள் அந்த இழைகளைப் பற்றித்தான் இம்ப்ளான்டை நோக்கி நகர்கின்றன, நகரும்போது இழைகளை இழுக்கின்றன. பரப்பு வழவழப்பாக இருந்தால் இழை பிடி விட்டுப்போகும், செல்கள் வந்து சேராது. எலும்பு பழைய எலும்பின் ஓரத்திலிருந்து மெல்ல வளர்ந்துதான் இம்ப்ளான்டை எட்ட வேண்டும். பரப்பில் நுண்குழிகள் இருந்தால் இழை பிடித்துக்கொள்ளும், செல்கள் டைட்டானியத்தின் மேலேயே வந்து உட்கார்ந்து அங்கிருந்தே எலும்பைப் போடத் தொடங்கும். சுவருக்குப் பூசும் முன் கொத்துவிடுகிறோமே, அந்த மாதிரி. அவர் உடனே "புரிஞ்சுது" என்றார்.

இந்தக் குழிகள் எல்லாம் மைக்ரோமீட்டர் கணக்கு. சராசரி ஏற்ற இறக்கம் 1 முதல் 2 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் எலும்புக்கு நல்லது என்று ஆல்பிரெக்ட்சனும் வென்னர்பெர்க்கும் 2004இல் தொகுத்து எழுதினார்கள். சொரசொரப்பு அதற்கு மேல் போனால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜூன் 28, சனி

ரெப்பின் தாளில் இருந்த படம் 2004இல் பூசர் குழு பன்றியின் மேல்தாடையில் செய்த சோதனை. சலைன் வகையில் இரண்டாம் வாரம் எலும்புத் தொடர்பு சுமார் 49 சதவீதம், உலர்ந்த வகையில் 29. நாலாம் வாரம் 82க்கு 67. எட்டாம் வாரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பன்றி வேறு, மனிதன் வேறு. 2011இல் நிக்லவுஸ் லாங் குழு மனிதர்களிடமே இதைப் பார்த்தது. தன்னார்வலர்களுக்குச் சின்ன இம்ப்ளான்ட்களை வைத்து, குறித்த நாளில் சுற்றியுள்ள திசுவோடு எடுத்து அளந்தார்கள். இரண்டாம் வாரம் இரண்டு வகையிலும் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை! நாலாம் வாரம் 48க்கு 32. 42ஆம் நாள் இரண்டும் 62 பக்கம் வந்து சேர்ந்துவிட்டன. அந்த ஆய்வுக்கு முன்வந்தவர்களுக்கு நான் பெரிய கும்பிடு போடுவேன், ஏனென்றால் பரப்பு வேலை செய்கிறது என்பதும், எவ்வளவு செய்கிறது என்பதும் அதில்தான் ஒன்றாகத் தெரிகிறது. ஆக, நல்ல பரப்பு கொடுப்பது சில வாரங்களின் முன்னிலை. கடைசியில் சேரும் எலும்பு ஏறக்குறைய அதேதான்.

இந்த வாரங்களிலேயே இன்னொன்றும் நடக்கிறது. திருகிய அன்று கிடைத்த இறுக்கம் பழைய எலும்பின் பிடி. அந்த எலும்பை உடம்பு கரைத்துப் புதிதாகப் போடுகிறது, பழைய பிடி தளரும், புதுப்பிடி இன்னும் முழுதாக வந்திராது. மூன்று, நாலாம் வாரங்களில் ஐஎஸ்கியூ இறங்குவது இதனால்தான்.

ஜூலை 7, திங்கள்

ஐஎஸ்கியூ 66. வலி இல்லை, ஆட்டமும் இல்லை. பயப்பட வேண்டிய எண் இல்லைதான், ஆனால் தினமும் கடைவாய் அழுத்தம் விழப்போகும் இடத்தில் சர்க்கரைக்காரருக்கு இதை வைத்து நான் கிரவுன் போட மாட்டேன். கொஞ்ச நேரம் வருத்தமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பல் சிரித்தாலும் போட்டோவில் தெரியாது, பந்தியில் இடப்பக்கம் மெல்லுங்கள் ஐயா, முறுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கூட வந்த மகள்தான், "அப்பா, டாக்டர் சொன்னா கேளுங்க" என்று முடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐஎஸ்கியூ 75. கிரவுனுக்கு அளவெடுத்து லேபுக்கு அனுப்பியாயிற்று. கல்யாணம் நன்றாக நடந்ததாம், எனக்குத் தாம்பூலப் பை வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கிரவுன் மாட்டி, கடியைச் சரிபார்த்து, இடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, கண்ணாடி முன்னால் அவரையே செய்துகாட்டச் சொன்னேன். எலும்பைப் பிடிக்கும் அதே சொரசொரப்பு, எலும்பு இறங்கி வாய்க்குள் வெளிப்பட்டால் கிருமியையும் பிடிக்கும். வழவழப்பான பரப்பைத் துடைத்துவிடலாம், இதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. டைட்டானியத்தை உருக்கித் தெளித்த, சொரசொரப்பு மிகவும் கூடிய பழைய பிளாஸ்மா பூச்சு வகைகள் பின்னால் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த எக்ஸ்ரே ஆறு மாதத்தில். முதல் வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு இறங்கக் கூடாது என்பது 1986இலிருந்து இருக்கும் அளவுகோல். நானும் அதையே வைத்துத்தான் பார்ப்பேன்.