வெள்ளையாய்ப் போன பில்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

ஓமலூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் நேற்று மாலை போன் செய்தார். பொங்கலுக்கு முன்பு என்னிடம் வாங்கிய அரக்கு நிறச் சேலையை இப்போதுதான் முதன்முதலாக அலசியிருக்கிறார். சேலை உடம்பின் சாயம் முழுக்க முந்தானையில் இறங்கிவிட்டதாம். படமும் அனுப்பினார். சந்தன நிற முந்தானை முழுவதும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. "பரவாயில்லை அக்கா, உங்களுக்கும் தெரியாதுதானே" என்றார்.

850 ரூபாயை உடனே திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு, சேலை எடுத்த இளம்பிள்ளை மொத்தக் கடைக்குப் பேசினேன். பில் இருந்தால் பார்க்கலாம், பில் இல்லாமல் எந்தச் சேலை, எந்த லாட் என்று எப்படித் தெரியும் என்றார் கடைக்காரர். கேட்டது நியாயம்தான்.

பில்களைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கவர் பீரோவின் மேல் இருக்கிறது. ஓராண்டாக வந்ததையெல்லாம் அதில்தான் திணித்திருந்தேன். ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். பின்பக்கத்தில் அந்தக் கடையின் விளம்பரம் பளிச்சென்று இருந்தது. திருப்பினால் வெறும் வெள்ளைத் தாள். கடைப்பெயர், தேதி, தொகை, எதுவும் இல்லை. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஓர் எட்டோ மூன்றோ நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்னும் எழுத்து தெரிகிற பில்களையாவது காப்பாற்றலாம் என்று, முக்கியமான நான்கை எடுத்துக்கொண்டு லேமினேஷன் போடப் போனேன். முதல் பில் இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தபோது முழுக் கறுப்பு. கடைப் பையனுக்கும் முகம் வாடிவிட்டது. மற்ற மூன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், இது பலருக்கும் உதவும். இந்த பில்களில் மையே கிடையாது. தாளின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. அச்சு இயந்திரம் அதைச் சூடாக்கும்போது சூடு பட்ட இடம் கறுக்கிறது. அதுதான் எழுத்து. அதனால் லேமினேஷன் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். வெயிலும் வெளிச்சமும் எண்ணெய்க் கையும் பட்டால் எழுத்து வெளுக்கும். பிளாஸ்டிக் கவரும் எதிரிதான். அந்த பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் பொருள் மெல்லக் கசிந்து எழுத்தை அழித்துவிடுமாம். நான் போட்டு வைத்ததோ பிளாஸ்டிக் கவர், வைத்த இடம் ஓட்டுக்கூரைக்கு ஒரு முழம் கீழே, ஊரோ சேலம். நான்கு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது.

ஜெராக்ஸ் எடுத்தால் போதும். அதில் இருப்பது கரித்தூள், வெளுக்காது. மூன்று பில்லுக்கும் எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

இன்று அட்சய திருதியை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நகைக்கடைகளில் நிற்க இடமில்லை என்று கணவர் வந்து சொன்னார். நான் கூடத்தில் பாயை விரித்து, கவரைக் கவிழ்த்து, அதன் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

118 சீட்டுகள். எண்ணிப் பிரித்ததில், ஒழுங்கான பில் 61. பார்சல் ஆபீஸ் ரசீது 19. எழுத்தே இல்லாமல் வெளுத்தவை 15. மீதி 23-ம் 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டுகள்.

அந்த 23-ஐப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. கடையின் முழுப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, வரிசை எண் இல்லை. 'சா.சி 6 x 710' என்று, அதாவது சாஃப்ட் சில்க் ஆறு என்று, கிறுக்கிக் கூட்டியிருக்கிறார்கள். சில சீட்டுகளின் அடியிலேயே 'இது பில் அல்ல' என்று அச்சடித்திருக்கிறது. அதை வாங்கி மடித்து வைத்தபோது நான் வாசிக்கவே இல்லை. "பில் போட்டால் ஐந்து சதவீதம் கூடும் அக்கா, எஸ்டிமேட்டே போதுமா?" என்று கவுன்டரில் கேட்பார்கள். போதும் என்று தலையாட்டுவேன். ஆறு சேலைக்கு இருநூற்றுச் சொச்சம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். அந்தச் சேலையில் நாளை நூல் விட்டால் நான் போய்க் கேட்பதற்கு என் கையில் ஒரு பிடி இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

சீட்டுகளுக்கு நடுவே நகரப் பேருந்தின் கட்டணமில்லா மகளிர் டிக்கெட்டுகளும் கிடந்தன. அவை எந்தக் கணக்கிலும் வராது. ஆனாலும் அவற்றில் தேதி இருக்கிறது, என்றைக்குக் கொள்முதலுக்குப் போனேன் என்று சொல்கிறது. அதனால் தூக்கி எறியவில்லை.

அப்பா அம்மாபேட்டையில் தறியில் உட்கார்ந்தவர். பாவு வாங்கிய நாள், சேலை கொடுத்த நாள், கூலி, முன்பணம் எல்லாம் ஒரு சிறு நோட்டில் இருக்கும். நோட்டு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். டப்பா மாடத்தில் இருக்கும். முதலாளி வீட்டுக் கணக்கோடு ஒரு முறை இரண்டு சேலை இடித்தபோது அப்பா சத்தம் போடவில்லை; நோட்டைப் பிரித்து நீட்டினார், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். நான் பி.காம்.

மே 3, சனி

நாளை அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. வெயிலுக்கு முன் எழுந்து ஒரே ஒரு பில்லை முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாசியில் எடுத்த சாஃப்ட் சில்க், 12 சேலை.

சேலை 640 ரூபாய். 850-க்கு விற்றேன். ஒன்றுக்கு 210 லாபம் என்று இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பில்லில் இருக்கும் தொகை 8,064. அதாவது 7,680-க்கு மேல் 5 சதவீத வரி 384. நான் ஜிஎஸ்டி பதிவு செய்தவள் அல்ல. அதனால் அந்த வரி எனக்குத் திரும்பி வராது, என் அசலில்தான் சேரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மூட்டையோடு வீட்டுக்கு வர ஆட்டோ 180. ஆக ஒரு சேலை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த விலை 687. கூரியர் இலவசம் என்று நான்தான் அறிவித்திருக்கிறேன், அது 76. கவர் 6. மொத்தம் 769.

லாபம் 81. ஐம்பது குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு விற்றதில் 31. ஒரு சேலை திரும்பி வந்தது. அதற்குப் போக வரக் கூரியர் என் செலவு. அதே சேலையை வேறொருவருக்கு விற்றும் நஷ்டம்தான்.

இதில் நான் படம் எடுத்த நேரமும், இரவு பதினொரு மணி வரை பதில் எழுதிய நேரமும் சேரவில்லை. அழுகை வரவில்லை. ஆனால் அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

மே 6, செவ்வாய்

ஐந்து ரோட்டுப் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் என் வயதுதான் இருப்பார். பொறுமையாகச் சொன்னார்.

கடந்த நிதியாண்டில் என் விற்பனை 3,46,000 ரூபாய். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்தப் பேச்சுக்கே நான் இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, முதல் சேலைக்கே பதிவு வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. பெங்களூரிலிருந்து ஒருவர் எட்டுச் சேலை கேட்டிருந்தார். வருத்தம் சொல்லி மறுத்துவிட்டேன். ஆன்லைன் விற்பனைத் தளங்களில் பதிவில்லாதவர்களும் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி வந்திருக்கிறது, அதற்கு ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்க வேண்டும் என்றார். குறித்துக்கொண்டேன்.

கடந்த நிதியாண்டின் வருமான வரிக்கு 44ஏடி என்ற பிரிவு இருக்கிறது. சிறு வியாபாரி முழுக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை; வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் குறைந்தது லாபம் என்று காட்டினால் போதும். படிவம் ஐடிஆர்-4, 'சுகம்' என்று பெயர். எனக்கு வரி ஒன்றும் வராது. ஆனால் தாக்கல் செய்து வைத்தால் நாளை வங்கிக் கடன் கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

"அப்படியானால் இந்த பில்லையெல்லாம் அடுக்கி என்ன பயன்?" என்று நானே கேட்டேன்.

"அரசாங்கத்துக்கு வேண்டாம் அக்கா. 31 ரூபாய் லாபத்துக்கு விற்றதை உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் அவர்.

வரும் வழி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 11, ஞாயிறு

ஏற்காடு. வேலையும் இருந்தது, பிள்ளைகளுக்கு விடுமுறையும் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பெரியவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாறில் சின்னவனுக்கு வாந்தி.

சேலையோடு ஏற்காட்டு மிளகும் கொஞ்சம் விற்கிறேன். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும் வாங்கி வைத்திருக்கிறேன். மிளகு தருபவர் ஒரு சிறு தோட்டக்காரர், பெரியவர். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். அவரிடம் பில் புத்தகம் கிடையாது, இருக்கவும் வேண்டியதில்லை. விளைந்ததை விற்கும் விவசாயி அவர். இதுவரை பணத்தைக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கி வந்துவிடுவேன்.

இம்முறை வவுச்சர் புத்தகம் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். தேதி, அவர் பெயர், ஊர், மிளகு 5 கிலோ, கிலோ 720, மொத்தம் 3,600, போனில் அனுப்பிய பணத்தின் குறிப்பு எண், எல்லாம் எழுதி நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். "எடை போட்டது யார் தராசு என்றும் எழுதம்மா" என்றார். உங்கள் தராசு என்று எழுதினேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுத்தபோது அதைச் சுவர்க் காலண்டருக்குப் பின்னால் செருகினார்.

மே 14, புதன்

முறை ஒன்று பிடிபட்டுவிட்டது. முதலில் மாதத்துக்கு ஒரு காகித உறை என்று பன்னிரண்டு உறை போட்டேன். இரண்டே நாளில் அது சரிப்படவில்லை. சேலையை எந்த மாதம் எடுத்தேன் என்று எனக்கு நினைவிருப்பதே இல்லை. நிறம் நினைவிருக்கிறது, கடை நினைவிருக்கிறது.

அதனால் எண். ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த ஒவ்வொரு கொள்முதலுக்கும் 25/1, 25/2 என்று வரிசையாக ஓர் எண். பில்லின் ஜெராக்ஸில் மேல் மூலையில் அந்த எண். அசல் பில் அதன் பின்னாலேயே, பசை ஓரத்தில் மட்டும் தொட்டு. பசை எழுத்தில் பட்டாலும் வெளுக்கும். இரண்டையும் துளையிட்டு நாடா கோத்த அட்டை பைலில் போடுகிறேன். அதே எண்ணைச் சின்னத் தாளில் எழுதி அந்தப் பில்லில் வந்த ஒவ்வொரு சேலையின் கவரிலும் ஒட்டிவிடுகிறேன். விற்கும்போது நோட்டில் வாங்கியவர் பெயருக்கு நேராக எண்ணை எழுதுகிறேன். இனி ஓமலூரிலிருந்து போன் வந்தால் நோட்டு எண்ணைச் சொல்லும், எண் பில்லைக் காட்டும். ஆட்டோவுக்கு ரசீது இல்லை, எனவே அன்றே வவுச்சர்.

பைல் இப்போது கீழே, மர அலமாரியில். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டுமாம். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அதே அளவு வைத்திருக்கப்போகிறேன்.

மே 17, சனி

வெளுத்த 15 சீட்டுகளை விட மனமில்லை. வங்கிக் கணக்கின் விவரத்தை எடுத்து, எந்தக் கடைக்கு என்றைக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 11 கிடைத்துவிட்டன! அரக்குச் சேலையும் அதில் ஒன்று. ஜனவரி 8, 9,240 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்த நான்கு மட்டும் போனது போனதுதான்.

ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாவற்றையும் எழுதுகிறாயே கண்ணு, நான் கொடுத்தது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

இல்லை. எங்கேயும் இல்லை. முதன்முதலில் எட்டுச் சேலை எடுக்க அத்தைதான் தன் சிறுவாட்டுப் பணம் 5,000 கொடுத்தார். பூண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த நூறும் ஐம்பதும். இந்த வியாபாரத்தின் முதல் எழுத்தே அதுதான், அதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட என்னிடம் இல்லை.

வவுச்சர் எழுதினேன். தேதி அவருக்கு நினைவிருந்தது, மூன்றாண்டுக்கு முந்தைய ஆடிப்பெருக்கு. பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மாதம் 500 என்று ஜூனிலிருந்து திருப்பிக் கொடுக்கிறேன். வேண்டாம் என்பார், தெரியும்.

மே 20, செவ்வாய்

இளம்பிள்ளை போய் வந்தேன். பஸ் ஜன்னலில் கஞ்சமலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. ஊருக்குள் இறங்கியதும் விசைத்தறிச் சத்தம்.

கடைக்காரரிடம் தேதியும் தொகையும் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்து பில்லின் மறுபிரதி எடுத்துக் கொடுத்தார். ஓமலூரிலிருந்து திரும்பி வந்த அரக்குச் சேலையையும் பிரித்துக் காட்டினேன். விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தார். பில்லில் இருந்த லாட் எண்ணைத் தன் நோட்டில் ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அதே லாட்டில் இன்னும் இரண்டு பேர் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார்கள். சாயப் பட்டறையில் சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று இழுக்கவில்லை. மாற்றுச் சேலை ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். இனி எனக்கு எஸ்டிமேட் வேண்டாம், ஆறு சேலை என்றாலும் பில்லே போடுங்கள் என்றேன். சரி அக்கா என்றார்.

மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்தேன். ஓமலூர்க்காரருக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன், பணம் வாங்காமல். மாற்றிக் கொடுத்ததற்குக் கடைக்காரர் தன் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பால்பாயின்ட் பேனா எழுத்து. பஸ்ஸிலேயே எண் போட்டுவிட்டேன், 25/14.