ஜிம்மியின் தரப்பு

நேற்று மாலை எங்கள் விறாந்தையில் நடந்த பரிசோதனையைப் பற்றி மருமகன் மட்டக்களப்பின் கல்லடி ஊர் முழுவதும் தனக்குச் சாதகமாகவே சொல்லித் திரிவான் என்பதால், அதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட எங்கள் நாய் ஜிம்மியின் தரப்பையும் யாராவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

1876 இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், இளைஞராக இருந்தபோது, வீட்டிலிருந்த துரூவே என்னும் ஸ்கை டெரியர் நாயை விடாமல் உறுமப் பழக்கி, உறுமும்போதே அதன் தாடையைக் கையால் அசைத்து, பாட்டியிடம் ஆங்கிலத்தில் சுகம் விசாரிப்பதுபோல் ஒலிக்கச் செய்தவர். கையை எடுத்துவிட்டால் வெறும் உறுமல்தான். அவர் பேச்சொலியை ஆராய்ந்தார். துரூவேயோ, உறுமினால் தின்னக் கொடுக்கும் ஒரு மனிதரைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தக் கண்டுபிடிப்பைக் காப்புரிமை எதுவுமின்றி அனுபவித்துக்கொண்டிருந்தது.

இதை எங்கோ வாசித்த மருமகன், "மாமா, நம்மட ஜிம்மிய அம்மம்மாவோட கதைக்க வைக்கப் போறன்" என்று அறிவித்தான். உறுமும் வாயை மூடித் திறந்தால் ‘அம்மம்மா’ பாதி வந்துவிடும் என்பது அவன் கணிப்பு. கணிப்பில் தவறில்லை; கூலியில்தான் தவறு. ஒரு உறுமலுக்கு அரை மாரி பிஸ்கட் என்று தொடங்கியவன், சற்று நேரத்தில் தானே தின்னத் தொடங்கிவிட்டான். மீன்காரரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு நாள்தோறும் இலவசமாக உறுமுகிற ஜிம்மி, கூலி பேசிய பிறகு இலவசமாக உறுமுவது தன் தகுதிக்குக் குறைவென்று கருதி வாயை இறுக மூடிக்கொண்டது. இந்த ஊர் வாவியில் மீன்களே பாடுகின்றனவாம். அவற்றின் தாடையை எவரும் பிடித்து ஆட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியில் நெத்தலிக் கருவாட்டைக் காட்டியதும் சமாதானமாகி, அம்மம்மாவின் கதவருகே நின்று நீளமாக உறுமியது. மருமகனும் தாடையை அசைத்தான். ‘அவ்... மவ்... மா’ என்று ஏதோ வந்தது. காது சற்று மந்தமான அம்மம்மா உள்ளேயிருந்தபடி, "சுகமாத்தான் இரிக்கன் மனே, நீ சாப்பிட்டயா?" என்று கேட்டார்.

அன்று மாலை கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்று ஜிம்மிக்குத் தோன்றியிருக்க வேண்டும்; விஞ்ஞானியின் கையை உதறிவிட்டு அது நேரே குசினிக்குள் போய்விட்டது.