நூறு விநாடிக் கணக்கு பொய்த்தது

பரணில் இருந்து இறக்கிய 486 என்ற தொண்ணூறுகளின் கணினியோடு ஒரு பிஸ்கட் டின்னும் வந்தது. உள்ளே 43 ஃப்ளாப்பிகள். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினால் அரை நாளில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கணினியின் முதுகில் ஒரு சீரியல் போர்ட், பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் அந்தப் பழைய இணைப்பு வாய், சும்மா கிடக்கிறதே! ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே கோப்பாக்கி, அதைக் கம்பி வழியே மடிக்கணினிக்கு அனுப்பிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் காகிதத்தில் கணக்கு. அந்த போர்ட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்; எட்டால் வகுத்தால் 14,400 பைட். ஃப்ளாப்பி 1.44 எம்பி, அதாவது 14,40,000 பைட். ஆக, பிசிறில்லாமல் 100 விநாடி. இத்தனை அழகாக வந்த விடையைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

எக்ஸ்மோடம் என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையில் முதல் கோப்பு போய்ச் சேர்ந்தது. ஆன நேரம் 5 நிமிடம் 19 விநாடி.

கோப்பின் அளவைப் பார்த்தபோதே முதல் பிழை தெரிந்துவிட்டது: 14,74,560 பைட். ஃப்ளாப்பியின் ஒரு பக்கத்துக்கு 80 தடம் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர் (துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் அதுதான் வருகிறது. லேபிளில் இருக்கும் 1.44 என்பது 1,000-ஐயும் 1,024-ஐயும் பெருக்கிய ஒரு விசித்திர மெகாபைட்டின் கணக்கு. அரைப்படி ஒரு ஊர் அளவு, அரைப்படி இன்னொரு ஊர் அளவு. தொலைத்தொடர்பில் இந்தக் குழப்பமே இல்லை; அங்கே 64 கிலோபிட் என்றால் 64,000 பிட்தான். குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுவதால் வந்த எண் அது.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவிடம் காகிதத்தைக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எட்டால் வகுத்திருக்கிறாயே மாப்பிள்ளை, ஸ்டார்ட் பிட்டையும் ஸ்டாப் பிட்டையும் யார் சுமப்பது?" என்றார். சரிதான். ஒவ்வொரு பைட்டின் தொடக்கத்தைக் காட்ட ஒரு பிட், முடிவைக் காட்ட ஒரு பிட் கூடவே போகின்றன; கம்பியில் ஒரு பைட் போக 10 பிட் செலவாகிறது. அப்படியானால் விநாடிக்கு 11,520 பைட். ஒரு ஃப்ளாப்பிக்கு 128 விநாடி.

மாமா விடவில்லை. அவருடைய "முப்பது சேனல் பிசிஎம்"மையும் அட்டவணையில் ஏற்றச் சொன்னார். அதாவது, முப்பது குரல்களை எண்களாக்கி ஒரே கம்பியில் அனுப்பும் தொலைபேசி நிலையங்களின் இ1 இணைப்பு: விநாடிக்கு 64,000 பிட் கொண்ட 32 கால இடங்கள், மொத்தம் 20,48,000 பிட். அவற்றில் ஒன்று இரு முனைகளின் ஒத்திசைவுக்கு, ஒன்று அழைப்புகளை இணைக்கும் சைகைக்கு. மீதி முப்பதில் விநாடிக்கு 2,40,000 பைட் போகும். ஃப்ளாப்பி 6 விநாடியில் கடந்துவிடும். முதல் தலைமுறை சிடி டிரைவ் விநாடிக்கு 75 செக்டர், செக்டருக்கு 2,048 பைட், 9.6 விநாடி. ஃப்ளாப்பி டிரைவோ நிமிடத்துக்கு 300 சுற்று. சுற்றுக்கு ஒரு தடம் என்றால், படிக்கும் தலை நகரும் நேரம் நீங்கலாக 32 விநாடி. என் கம்பி அதில் சரியாகக் கால்வாசி வேகம்!

ஆனாலும் கணக்கில் வந்த 128 விநாடி எங்கே, நிஜத்தில் ஆன 319 விநாடி எங்கே? எக்ஸ்மோடம் கோப்பை 128 பைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட் கூடுதலாக வைத்து அனுப்புகிறது. "வந்தது" என்று ஒரு பைட் பதில் வந்தால்தான் அடுத்த துண்டு. மொத்தம் 11,520 துண்டுகள். இதையெல்லாம் சேர்த்தாலும் 133 விநாடிதான். மிச்சம் 186. அதைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தேன்: 16 மில்லி விநாடி.

அந்த 16-ஐ எங்கோ பார்த்திருக்கிறேன். மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி மாற்றுக் கம்பி ஒன்றைச் செருகியிருந்தேன். அதில் இருக்கும் சிப், பாதி நிறைந்த பஸ்ஸை எடுக்காத நடத்துநர் மாதிரி, கொஞ்சம் பைட்டுகள் மட்டும் வந்தால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று 16 மில்லி விநாடி காத்திருக்கும். லினக்ஸில் 'லேட்டன்ஸி டைமர்' என்ற கோப்பில் அந்த எண் அப்படியே இருந்தது. 1 என்று மாற்றினேன். 2 நிமிடம் 27 விநாடி.

பிறகு 1,024 பைட் துண்டுகளாக அனுப்பும் வகைக்கு மாறினேன். துண்டுகள் 1,440 ஆகக் குறைந்தன. 2 நிமிடம் 12 விநாடி. காகிதம் சொல்வது 129 விநாடி, மூன்று விநாடியைக் கணினிக்கே விட்டுக்கொடுத்தேன்.

இதுவரை 12 ஃப்ளாப்பிகள் ஏறிவிட்டன. பதின்மூன்றாவது, டிரைவுக்குள் போனதும் கரகரவென்று ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. பஞ்சும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டிரைவின் தலையைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.