நாந்த் ஆணை பிழைக்க வேண்டுமென்றால் 1685-ஐத் தொடாதீர்கள்

புராட்டஸ்டன்டுகளுக்கு உரிமைகள் தந்த நாந்த் ஆணையை பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் ரத்து செய்யாமல் இருந்திருந்தால், பிரான்சின் புராட்டஸ்டன்டுகளான ஹியூகனோட்டுகள் நாட்டைவிட்டு ஓடியிருக்க மாட்டார்கள். மாற்று வரலாற்றுக் கதைகளில் அடிக்கடி வரும் கற்பனை இது. ஆனால் நிற்காது. மன்னர் கையெழுத்திட்டபோது அந்த ஆணையில் ரத்து செய்ய அதிகம் மிச்சமில்லை.

1598-இல் மன்னர் நான்காம் ஹென்றி அந்த ஆணையில் தந்தது வெறும் வழிபாட்டு உரிமை அல்ல. புராட்டஸ்டன்டுகளின் வழக்குகளை விசாரிக்க கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள் இரு தரப்பினரும் நீதிபதிகளாக அமரும் தனி மன்றங்களையும் அவர் தந்தார். ஆணையின் உயிர் அங்கேதான் இருந்தது. 1661-க்குப் பிறகு அரசு வழக்கறிஞர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்கள்: ஆணையில் வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எல்லாம் தடை. பழைய பத்திரம் காட்ட முடியாத ஆலயங்கள் இடிக்கப்பட்டன. இறந்தவர்களை விடியலிலோ அந்தியிலோதான் புதைக்கலாம் என்றானது. 1680-இல் புராட்டஸ்டன்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருக்கத் தடை வந்தது. சாகும் நிலையிலுள்ள சிசுவுக்கு அவர்கள் அவசரத் திருமுழுக்கு கொடுக்க மாட்டார்கள் என்பது காரணம். 1681-இல் ஏழு வயதுக் குழந்தை பெற்றோரைக் கேட்காமலே மதம் மாறலாம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு மேற்கு பிரான்சின் புவத்தூ பகுதியில் படைவீரர்களைப் புராட்டஸ்டன்டு வீடுகளில் தங்கவைத்தார்கள். மதம் மாறினால் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சுமை இல்லை.

இதையெல்லாம் எதிர்த்து முறையிட வேண்டிய மன்றங்கள் பாரிஸிலும் ரூவானிலும் 1669-இலேயே மூடப்பட்டன, மற்றவை 1679-இல். ஆகவே வரலாற்றைத் திருப்ப வேண்டிய இடம் 1679. அதற்கும் நம்பத்தக்க காரணம் வேண்டும், மன்னரின் மனமாற்றம் போதாது. பிரான்ஸ் டச்சுக்காரர்களோடு நடத்திய போரை முடித்த நைமேகன் சமாதானம் மூன்று ஆண்டு தள்ளிப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் கெடுபிடி தளர்ந்தே இருந்தது. கஜானாவுக்குப் புராட்டஸ்டன்டு வணிகர்களின் பணமும் தேவை.

இங்கே பலர் செய்யும் தவறு, ஒரே தாவலில் பிரான்சைச் சகிப்பின் நாடாக்கிவிடுவது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடிய கத்தோலிக்கக் குருமார் பேரவை, மன்னருக்குப் பணம் தரும்போதெல்லாம் புராட்டஸ்டன்டுகளுக்கு எதிரான கோரிக்கைகளையும் வைத்தது. அந்த அழுத்தம் உங்கள் கதையிலும் தொடர வேண்டும். அகதிகள் வராததால் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் பட்டுத்தொழில் சுருங்கும், ஜெர்மனியின் பிராண்டன்பர்க் ஏறத்தாழ 20,000 பேரை இழக்கும். மன்னர் இரண்டாம் ஜேம்ஸை இறக்கிய இங்கிலாந்தின் 1688 புரட்சியை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஜேம்ஸுக்குக் கத்தோலிக்க வாரிசு பிறந்த அச்சம் அப்படியேதான் இருக்கும்.

கதையின் மையத்துக்கு நான் பரிந்துரைப்பது 1762, துலூஸ். மதம் மாறவிருந்த மகனைக் கொன்றார் என்று ழான் கலா என்ற புராட்டஸ்டன்டு வணிகர் மீது தெருவில் கிளம்பிய வதந்தி உங்கள் உலகிலும் கிளம்பும். உண்மையில் அவரை விசாரித்த பதின்மூன்று நீதிபதிகளில் எட்டுப் பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள், அவரைச் சக்கரத்தில் வைத்து முறித்துக் கொன்றார்கள். கலப்பு மன்றம் உயிரோடிருந்தால் அந்த வழக்கு அங்கே போகும். அதன் நீதிபதிகளில் பாதிப் பேர் புராட்டஸ்டன்டுகள்.