அப்பா வீட்டு நகைப்பெட்டி

செங்கோட்டையிலிருந்து சபரிமலைக்குப் போகிறவர்கள், ஐயப்பனை எடுத்து வளர்த்த ராஜாவின் ஊரான பந்தளத்தில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. புனலூர், கோன்னி, பம்பை என்று நேரே போய்விடலாம். எங்கள் குருசாமி மட்டும் வருஷம் தவறாமல் வண்டியை அடூர் பக்கம் திருப்பச் சொல்லுவார். "பிள்ளையப் பாக்கப் போறோம். அப்பா வீட்டுல ஒரு வார்த்தை சொல்லாம போவலாமா சாமி?" என்பார்.

இந்தக் கார்த்திகையிலும் போனோம். அச்சன்கோவில் ஆற்றில் இறங்கியதும் உடம்பு வெடவெடத்தது. நம்ம மேக்கரை மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுத் தண்ணீர்தானே! கரையிலேயே வலிய கோயிக்கல் சாஸ்தா கோயில். சின்னதுதான். தள்ளுமுள்ளு இல்லாமல் கண்குளிரப் பார்த்தோம்.

அப்புறம் ஸ்ராம்பிக்கல் கொட்டாரம், அதாவது ராஜா குடும்பத்து அரண்மனை. மைசூர் அரண்மனையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவீர்கள்; ஓடு வேய்ந்த வீடு. உள்ளே ஐயப்பனுக்குச் சாத்துகிற நகைகளான திருவாபரணம். பொன் திருமுகம், பின்னால் வைக்கும் பிரபை, சுரிகை என்கிற குத்துவாள், குட்டி யானை, குட்டிப் புலி. புலியைப் பார்த்ததும் முதல் தடவையாக மலைக்கு வரும் எங்கள் கன்னிசாமி கையைக் கூப்பியபடியே சிரித்துவிட்டான்.

பந்தளத்து ராஜாக்கள் மலை தாண்டி வந்த பாண்டியக் கிளை என்பது அந்த வீட்டு வழக்கு. இன்றும் அவர்களுக்குக் குலதெய்வம் மதுரை மீனாட்சிதான். காயங்குளம் முதலான அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிய திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, பந்தளத்தைத் தொடவில்லை. திப்பு சண்டைக்குப் பிறகு தலையில் விழுந்த போர்ச் செலவுப் பங்குதான் இந்தச் சின்ன நாட்டை அழுத்தியது. கடனுக்குச் சபரிமலை வருமானமே ஈடாகப் போனது. 1820இல் நாடும் திருவிதாங்கூரோடு சேர்ந்துவிட்டது.

நகைப்பெட்டி மட்டும் வீட்டோடு நின்றது. ஜனவரி 12 வாக்கில், உச்சியில் கருடன் வட்டமிட்டதும் அது கிளம்பும். விரதம் இருப்பவர்கள் தலைச்சுமையாகவே கொண்டுபோய், மூன்றாம் நாள் மகரவிளக்கு மாலையில் சன்னிதானம் சேர்ப்பார்கள். ராஜா குடும்பத்தின் சார்பில் ராஜப் பிரதிநிதி ஒருவரும் பல்லக்கில் கூடவே போவார். குடும்பத்தில் சாவுத் தீட்டு என்றால் அவர் போவதில்லை, பெட்டி போகும்.

எனக்கு மகரஜோதியைவிட மனதில் நிற்பது நடை சாத்துகிற கடைசி நாள். அன்று காலை ராஜப் பிரதிநிதிக்கு மட்டும்தான் தரிசனம். நடையைச் சாத்தி, தலைமை அர்ச்சகரான மேல்சாந்தி சாவியை அவர் கையில் கொடுப்பார். அவரோ அதைக் கோயில் நிர்வாக அதிகாரியிடமே கொடுத்து, பூஜைச் செலவுக்கென்று ஒரு பணக்கிழியும் சேர்த்துக் கொடுப்பார். கடனில் நாட்டை இழந்த வீடு!

இதைக் கேட்ட கன்னிசாமி, "அவ்வளவு உண்டியல் காசு இருக்கே, இவங்க எதுக்குக் குடுக்கணும்?" என்றான்.

"உங்கப்பா உனக்கு வழிச்செலவுக்குக் குடுக்கலையா?" என்றார் குருசாமி. அவன் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சரி, சொல்லியாச்சு. வண்டிய எடுங்க சாமி."