சரிவான விளையில வீடு: கண்ணாடிக்கு முன்னாடி கூரைய யோசிங்க

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்க 12 சென்ட் விளையில (தோட்ட நிலத்துல) வீடு கட்டி குடியேறி, ஆனி ஆடி மழையும் ஐப்பசி மழையும் ஒரு சுத்து பாத்தாச்சு, அதான் இப்ப எழுதுறேன். இயற்கையோட ஒட்டுன மாடர்ன் வீடுன்னு தேடினா வர்ற படம் எல்லாம் தரையில இருந்து மேல வரைக்கும் கண்ணாடி, அதுக்கு மேல தட்டையா ஒரு ஸ்லாப். பாக்க அழகுதான். ஆனா ரெண்டு பருவமழையும் கொட்டுற நம்ம மாவட்டத்துல முதல்ல கூரைதான், ஜன்னல் எல்லாம் அப்புறம். இறவாரம், அதாவது சுவர தாண்டி வெளிய நிக்கிற கூரை விளிம்பு, நல்லா நீண்டு இருந்தாத்தான் மழை பெய்யும்போதும் ஜன்னல தொறந்து வைக்க முடியும், பூட்டிட்டு கண்ணாடி வழியா மழைய பாக்கதுக்கு டிவியிலயே பாத்துக்கலாமே.

விளை மேற்க இருந்து கிழக்க ஒரு ஆள் உயரத்துக்கு இறக்கம். சித்தப்பா வந்து பாத்த உடனே "மக்கா, ஜேசிபிய ஒருநாள் விட்டா எல்லாம் நிரப்பாயிரும், என்னத்துக்கு இந்த பாடு"ன்னாரு. அவரு சொன்னதுல தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க. ஆனா மேல் விளை தண்ணி பூரா நம்ம விளையில ஒரு சால் புடிச்சு இறங்கி கீழ ஓடைக்கு போகுது, அத மூடுனா தண்ணி வேற வழி தேடும், பெரும்பாலும் நம்ம அஸ்திவாரம் வழியா. அதனால பிளான் போடறதுக்கு முன்னாடியே எஞ்சினியர ஆடி மழையில கூட்டிட்டு போய் காட்டினேன், குடையோட நின்னு பாத்தவரு முதல்ல வரைஞ்ச வீட்ட அப்படியே வடக்க தள்ளிட்டாரு. ட்யூப்ல தண்ணி விட்டு மட்டம் புடிச்சு பாத்து வீட்ட ரெண்டு தட்டா பிரிச்சோம், மேல் தட்டுல ஹாலும் அடுக்களையும், நாலு படி இறங்கினா படுக்கை அறைங்க. மண் சரியாம தாங்குற பழைய கய்யாலைய (வரப்புச் சுவர) இடிக்கல, வெட்டிவேர் மட்டும் வச்சு விட்டோம்.

அனுமதி விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். 2024ல வந்த சுயசான்று முறை 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனைக்குத்தான், நம்மது அதுக்கு மேல, அதனால வழக்கமான வழிதான். மலையோரத்துல இடம் வச்சிருக்கவங்க ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம்) லிஸ்ட்ல உங்க கிராமம் இருக்கான்னு முதல்லயே பாத்துருங்க, இருந்தா அது தனி அலைச்சல்.

வெயில் பத்தி ஒண்ணு. "வடக்கு பக்கம் வெயில் வராது, பெருசா ஜன்னல் வச்சுக்கலாம்"னு நெட்ல பூரா எழுதி வச்சிருக்காங்க, அது டெல்லிக்காரனுக்கு ஓரளவு சரி. நம்ம ஊரு 8 டிகிரி வடக்குல இருக்கு, ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் நேரா தலைக்கு மேல, இடையில உள்ள மே ஜூன் ஜூலையில மத்தியான வெயில் வடக்கு பக்கமா சாய்ஞ்சுதான் விழும், டிசம்பர்ல தெற்க. ஆக ரெண்டு பக்கமும் இறவாரம் வேணும். மேற்கு சுவர்தான் வில்லன், சாயங்கால வெயிலும் அங்கதான், மழைச்சாரலும் அங்கதான். அங்க பாத்ரூமையும் ஸ்டோரையும் தள்ளிட்டோம்.

தக்கலைக்காரங்க பத்மநாபபுரம் அரண்மனைய சுற்றுலாவா பாத்துட்டு வந்துருவாங்க, வீடு கட்டப்போறவங்க ஆசாரியையும் கூட்டிட்டு ஒருதடவ போகணும். ராஜா ஆலோசனை நடத்துன மந்திரசாலையில சாய்ச்சு வச்ச மரச்சட்டம் வழியா காத்து வரும், கண்ண கூசுற வெளிச்சம் வராது. எங்க ஆசாரி அயினி (காட்டுப்பலா) பலகையில அதே மாதிரி படுக்கை அறைக்கு செஞ்சு தந்தாரு, ஏசி வைக்கிற யோசனையே போச்சு.

சுவர், ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல நிறைய கட்டினாரே அந்த ராட் டிராப் முறை, செங்கல குத்துக்க வச்சு நடுவுல காலி இடம் விட்டு கட்டுறது. செங்கல் கால்வாசி மிச்சம், சூடும் குறைவா இறங்கும். கொத்தனார் "சாரே, ஓட்ட விட்டு கட்டினா எலி குடியேறும்"னு ஒரே சிரிப்பு, ரெண்டு வரிசை எழும்பின பெறகு அவருக்கே புடிச்சுப்போச்சு. ஆனா வேலை மெதுவா போகும், செங்கல்ல மிச்சம் புடிச்சதுல பாதி கூலிக்கே போகும், இத யாரும் சொல்ல மாட்டாங்க. பைப், வயரிங் எங்கங்கனு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, கட்டின பெறகு குடைய முடியாது. கூரை இரும்பு பைப் ட்ரஸ் மேல ஓடு, அடியில இன்னொரு அடுக்கு சீலிங் ஓடு. அடுக்களை மேல மட்டும் ஸ்லாப், தண்ணி டேங்க் எங்கயாவது உக்காரணுமே.

மரங்கள்ல பிலாவ விட்டுட்டோம், அது பக்கத்துல வர்ற மாதிரிதான் நடுமுற்றமே. வீட்டு பக்கம் சாய்ஞ்ச ஒரு தென்னைய வெட்டினோம், ஓட்டு கூரையில தேங்காய் விழுந்தா ஓடு தாங்காது. எல்லையில நின்ன ரப்பரயும் எடுத்தாச்சு, 2017 ஒக்கி புயல்ல ரப்பர் ஒடிஞ்சு விழுந்தத பாத்த அம்மா அதுல பேச்சுக்கே இடம் குடுக்கல.

இனி கஷ்டம். பூசாத செங்கல் சுவர்ல மழைபடுற இடமெல்லாம் பாசி, வருஷாவருஷம் தேய்ச்சு கழுவணும். ஆடியில கதவெல்லாம் உப்பி இறுகிரும். முற்றத்துக்கு நாலு இஞ்ச் பைப் ரெண்டு போட்டும் பிலா இலை அடைச்சு தண்ணி வராந்தா விளிம்பு வரைக்கும் ஏறிச்சு, இப்ப வாய்ல கம்பி வலை வச்சிருக்கு, மழை தொடங்கினா யாராவது போய் இலைய அள்ளணும், பெரும்பாலும் நான்தான். கொசுவலை எல்லா ஜன்னலுக்கும் உண்டு, முற்றத்துக்கு போடுறதா வேண்டாமானு வீட்டுல இன்னும் சண்டை முடியல.